மூலையைச் சுற்றும் சக்கரம்

கேள்வி: இணையப் பக்கமொன்றில் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு மோட்டார் சைக்கிள் சக்கரத்தைச் சுழற்ற முயல்கிறேன். அது தன் அச்சில் சுழலாமல் திரையின் மூலையைச் சுற்றுகிறதே, ஏன்?
– வாசகர், வல்லம் வடகால்

பதில்: 2017 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உற்பத்தியாகிவரும் ஊரிலிருந்து சக்கரத்தைப் பற்றிய சந்தேகம் வருவது பொருத்தமே. கேன்வாஸ் என்னும் சித்திரப் பரப்பில் 'ரொட்டேட்' என்ற கட்டளை, தாங்கள் வரைந்த உருவத்தைத் திருப்புவதில்லை; இடப்புற மேல்மூலையை ஆதியாகக் கொண்ட அச்சுகளையே திருப்புகிறது; ஆதலால், அதன்பின் வரையப்படும் யாவும் அம்மூலையையே பிரதட்சிணம் செய்கின்றன. முதலில் 'டிரான்ஸ்லேட்' கட்டளையால் ஆதிப்புள்ளியைச் சக்கரம் நிற்க வேண்டிய மையத்துக்கு நகர்த்தி, பின்னர் அச்சுகளைச் சுழற்றி, அதற்கும் பின்னரே படத்தை அதன் அகலத்தில் பாதி இடப்புறமாகவும் உயரத்தில் பாதி மேற்புறமாகவும் தள்ளி வரைந்தால் இந்தத் தோஷம் நீங்கும். இக்கிரமம் மாறினால் பலனும் மாறும். ஒவ்வொரு முறையும் வரையுமுன் 'சேவ்', வரைந்தபின் 'ரீஸ்டோர்' என்பவற்றை மறவாதிருங்கள்.

கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியனில் தர வேண்டும். இதைத் தொல்லையென்று பலர் சலித்துக்கொள்வர். எனக்கோ இது சௌகரியமாகவே படுகிறது. ஏனெனில், வண்டி வழுக்காமல் ஓடுவதாகக் காட்ட விரும்பினால், அது கடந்த தூரத்தைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்த மாத்திரத்தில் சுழல வேண்டிய ரேடியன் கிடைத்துவிடுகிறது. பழைய ஃப்ளாஷ் புத்தகங்களில் கண்ட பாகைக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். அந்த ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.