கதையில் பேச்சு, பேச்சுக்குக் குறி

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நிறையக் கதை எழுதுகிறாள். கதையில் எல்லாரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். யார் பேசுகிறார்கள் என்றுதான் புரியாது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பத்தி. மேற்கோள்குறியை ஒன்று விட்டுவிடுகிறாள், இல்லையென்றால் தேவையில்லாத இடத்தில் போடுகிறாள். ஆங்கில வகுப்பில் சொல்லித்தரும் காற்புள்ளி விதி தமிழுக்கும் பொருந்துமா? எழுதும் ஆசை போய்விடாமல் எப்படித் திருத்துவது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் மகிழ வேண்டிய விஷயம்தான். கதை எழுதும்போது அவள் காதில் ஆட்களின் குரல் கேட்கிறது. ஆகவே குறிகளின் பெயர்ப் பட்டியலை எடுத்துவைக்காதீர்கள், குரலிலிருந்தே தொடங்குங்கள்.

அவள் கதையில் ஒரு பக்கத்தை இருவரும் சேர்ந்து வாய்விட்டு வாசியுங்கள். கதை சொல்லும் வரிகள் உங்களுக்கு, பாத்திரங்கள் பேசுவது அவளுக்கு. "என்றான்", "கேட்டாள்" எல்லாம் உங்கள் பங்கு. இப்போது யார் வாசிக்க வேண்டும் என்று தடுமாறும் இடத்தில்தான் குறி விட்டுப்போயிருக்கும், அல்லது இடம் மாறி விழுந்திருக்கும். நீங்கள் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு, வாயிலிருந்து வந்த சொற்களுக்கு மட்டும் வண்ணப் பென்சிலால் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். கோடு தொடங்கும் இடத்தில் ஒரு மேற்கோள்குறி, முடியும் இடத்தில் ஒன்று.

ஓலைச்சுவடிகளில் மேற்கோள்குறி கிடையாது. அச்சும் ஐரோப்பியத் தொடர்பும் வந்த பிறகே இந்தக் குறிகள் தமிழுக்கு வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரைப் போன்றவர்கள் உரைநடையில் அவற்றை நிலைநிறுத்தினார்கள். அதற்கு முன்பும் பேச்சு எங்கே முடிகிறது என்பது வாசிப்பவருக்குத் தெரிந்தது. "என", "என்று", "என்றான்" ஆகியவை அந்த வேலையைச் செய்தன. இன்றும் செய்கின்றன. குழந்தைக்கு இது பெரிய துணை.

ஆனால் அவள் தேவையில்லாத இடத்தில் குறி போடுவதற்கும் இந்த "என்று"தான் காரணமாக இருக்கும். மூன்று வாக்கியங்களை எழுதிக் காட்டுங்கள்.

கந்தன், "நான் நாளைக்கு வருகிறேன்" என்றான்.
தான் மறுநாள் வருவதாகக் கந்தன் சொன்னான்.
தான் நாளைக்கு வருவேன் என்று கந்தன் சொன்னான்.

முதலாவது நேர்க்கூற்று, இரண்டாவது அயற்கூற்று. இவற்றில் குழப்பம் வராது. மூன்றாவதில் "என்று" இருக்கிறது. உடனே குழந்தை குறி போட்டுவிடும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கந்தன் தன் வாயால் "தான் வருவேன்" என்றா சொல்லியிருப்பான்? "நான்" என்றுதானே சொல்லியிருப்பான்! அப்படியானால் அது அவன் குரல் இல்லை, குறி வேண்டாம். "அம்மா வரச் சொன்னாள்" என்பதும் அப்படித்தான். இலக்கணப் பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேற்கோள்குறிக்கு வெளியே எழுத்துத் தமிழ், உள்ளே பேச்சுத் தமிழ் என்று எழுத அவளை விடுங்கள். பாட்டி, "ஏன்டி, இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டாள் என எழுதினால், அதை "நீ இன்னும் உணவு உண்ணவில்லையா?" என்று தயவுசெய்து மாற்றாதீர்கள். மாற்றினால் பாட்டி போய்விடுவாள், குறிக்கும் வேலை இருக்காது. உள்ளே ஒரு தமிழும் வெளியே ஒரு தமிழும் ஒலித்தால் எல்லை தானாகவே காதில் விழும். தேர்வுத்தாளில் மட்டும் பள்ளி கேட்கும் நடையில் எழுதட்டும்.

காற்புள்ளிக்கு வருவோம். பேசுபவர் பெயர் முதலில் வந்தால் அதன் பின் காற்புள்ளி: மீனா, "மழை வருது" என்றாள். பேச்சு முடிந்ததும் ஆங்கிலத்தில் போல இன்னொரு காற்புள்ளி வேண்டுமா? அங்கே காற்புள்ளி இடும் தமிழ்ப் பத்திரிகைகள் உண்டு, முற்றுப்புள்ளி வைத்து மூடுபவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் தேவையாகத் தோன்றவில்லை. "என்றாள்" ஒட்டிக்கொண்டு வருகிறதே, நடுவில் எதற்குத் தடை? எதைத் தேர்ந்தாலும் கதை முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் பேச்சுக்கு உரியவை என்றால் உள்ளே இருக்க வேண்டும். கேட்பது கதைசொல்லி என்றால் வெளியே: அவள் உண்மையிலேயே "போகமாட்டேன்" என்றா சொன்னாள்?

ஒரே பத்தியாக எழுதுவதை நிறுத்துவது எளிது. ஆள் மாறினால் வரி மாற வேண்டும். அவள் படித்த படக்கதையில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, குமிழிக்குள் இருக்கும் பேச்சை எல்லாம் கதையாக எழுதச் சொல்லுங்கள். குமிழிக்கு ஒரு வரி என்று கணக்கு வைத்தாலே போதும்.

பேச்சுக்குள் பேச்சு வந்தால் ஒற்றை மேற்கோள்குறி போடுவது வழக்கம். ஆனால் பேச்சுத் தமிழில் "அப்பா நாளைக்கு வரேன்னு சொன்னாரு" என்று சொல்லும்போது "என்று" தேய்ந்து வினையோடு ஒட்டிவிடுகிறது. குறி நுழைய இடமே இல்லை, அப்படியே விடலாம்.

திருத்தும்போது ஒரு கதைக்கு ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வரி மாற்றம் என்றால் விட்டுப்போன காற்புள்ளியைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருங்கள். சிவப்பு மையை எடுப்பதற்கு முன், அந்தக் கதையில் வரும் ஆட்களைப் பற்றி அவளிடம் ஏதாவது கேளுங்கள்.