டக்ட் போடுமுன் கேட்டுக்கொள், கண்ணு

குண்டடத்தில் சப்ளிமேஷன் பிரிண்டர் போடப்போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்தது. மிஷின் விற்கிறவர்கள் ஹெட்டைப் பற்றியும் மையைப் பற்றியும் நாள் முழுக்கச் சொல்லித் தருவார்கள். ஆவி போகும் டக்டைப் பற்றிக் கேட்டால், "மேலே ஒரு ஃபேன் மாட்டுங்க, போதும்" என்று கிளம்பிவிடுவார்கள். பனியன் சீமையில் அது போதாது. இங்கே காற்றில் பாதி பஞ்சு, மீதி புழுதி. இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்கிற உரிமையில் சிலதைச் சொல்கிறேன்.

1. முதலில் குறையை உற்றுப் பார். பேப்பரில் ஒரு பஞ்சிழை கிடந்தால் மை அதன்மேல் விழும். இழை பறந்துபோனால் அடியில் வெள்ளைக் கீற்று நிற்கும். பேப்பரில் நிறம் மங்கலாக இருப்பதால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். காலண்டர் என்கிற சூட்டு உருளையில், 200 டிகிரியில் பாலியஸ்டர் துணிக்கு ஏறிய பிறகுதான் பல்லை இளிக்கும். ஹெட்டுக்கும் பேப்பருக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இடம். அதில் பஞ்சு மாட்டினால் ரோல் நெடுகக் கோடு இழுக்கும். கெட்ட இடத்தை லென்ஸ் வைத்துப் பார். பஞ்சா, மண்ணா, எண்ணெய்ச் சொட்டா? மூன்றுக்கும் மருந்து வேறு. அது தெரியுமுன் ஃபேன் வாங்க ஓடாதே.

2. வெளியே தள்ளுவதைவிட உள்ளே வருவதைக் கவனி. டக்ட் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவும் எந்த வழியிலாவது உள்ளே வந்தே தீரும். நீ வழி வைக்காவிட்டால் அதுவே வழி தேடிக்கொள்ளும். பல்லடம் பக்கம் ஒரு பட்டறையில், பஞ்சு விழுகிறது என்று ஃபேனைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பஞ்சும் பெருகிக்கொண்டே போனது. பக்கத்து அறையில் கட்டிங் டேபிள். நடுத்தடுப்புக்கும் கூரைக்கும் இடையே விரல் நுழையும் சந்து. அதன் விளிம்பெல்லாம் பஞ்சு அப்பிக் கிடந்தது. அனுபவசாலியான மெக்கானிக் ஒருவர் வந்தார். எக்ஸாஸ்டைக் குறைத்து, எதிர்ச்சுவரில் ஃபில்டரோடு சப்ளை ஃபேன் ஒன்றை மாட்டினார். வெளியே போவதைவிட உள்ளே வருவது கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி வைத்தார். அதற்குப் பிறகு அந்தச் சந்து வழியே காற்று வெளியேதான் போனது. நான் பார்த்த பட்டறைகளில் பாதிக் கோளாறு இந்த ஒன்றில்தான் தீர்ந்தது.

3. இழுக்கும் காற்றுக்குக் கை நீளம் இல்லை. ஊதினால் காற்று அறையின் கோடி வரை போகும். இழுத்தால் வாயோரத்திலேயே வலுவிழந்துவிடும். குழாய் எத்தனை அங்குல விட்டமோ அத்தனை அங்குலம் தள்ளிப்போனால், வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கூரையில் ஃபேன் வைத்துவிட்டு மிஷின் அருகே வேலை நடக்கும் என்று நம்பாதே. ஆவி கிளம்பும் இடத்துக்கே ஹூடைக் கொண்டுபோ. வாயைச் சுற்றி விளிம்புத் தகடு ஒன்று வைக்கச் சொல். எதிலும் கிட்டப்போய் நிற்பவனுக்கே வேலை பிடிபடும்.

4. ஹெட் ஓடும் இடத்தில் காற்று அசையக் கூடாது. மைத்துளி அவ்வளவு சின்னது. காற்று இழுத்தால் தடம் மாறும், நாசிலும் காய்ந்துபோகும். சுத்தக் காற்று பேப்பர் ரோல் பக்கம் மெதுவாக நுழைந்து, ட்ரையர் பக்கம் வெளியேறட்டும். அச்சு ஓடாத நேரமாகப் பார்த்து, துணி பேப்பரை ஒதுக்கிவிட்டு, ஊதுபத்தி ஒன்றைப் பிடித்துப் பார். ஹெட் அருகே புகை நேரே எழ வேண்டும். ட்ரையர் வாயில் சாய்ந்து உள்ளே போக வேண்டும்.

5. டக்டுக்கு வாட்டம் கொடு. நிட்டிங் எண்ணெய், நூலில் பூசிய எண்ணெய் எல்லாம் காலண்டர் சூட்டில் ஆவியாகும். குளிர்ந்த தகட்டில் பட்டதும் மறுபடி எண்ணெயாகும். குழாய் மிஷினைப் பார்த்துச் சரிந்திருந்தால் சொட்டு பேப்பரில்தான். வெளிப்பக்கம் சரியவிட்டு, தாழ்ந்த இடத்தில் வடிகுழாய் வை. ஹூடையும் பேப்பருக்கு நேர் மேலே தொங்கவிடாதே. ஃபேன் நின்றதும், உள்ளே ஒட்டியிருந்தது உதிரும்.

6. தகர வேலைக்காரரிடம் பேரம் பேசாதே, யோசனை கேள். குழாய் விட்டத்தைப் பாதியாக்கி அதே காற்றை இழுத்தால், உராய்வில் போகும் அழுத்தம் முப்பது மடங்குக்கு மேல். தகட்டில் மிச்சம் பிடித்த காசு மாதாமாதம் கரண்ட் பில்லாக வரும். பஞ்சு போகும் குழாயில் காற்று நொடிக்கு 13 முதல் 15 மீட்டர் ஓடினால்தான் வழியில் படியாது. செங்குத்தான முக்கு வேண்டாம், அகலமான வளைவாகக் கேள். "இந்த இடத்தில் ஒரு கதவு வெச்சுக்கலாங்க, கை விட்டுத் துடைக்க" என்று அவரே சொல்வார். அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்கலாம்.

7. எல்லாப் பழியையும் டக்ட் மேல் போடாதே. ஏர் கன்னால் மிஷினை ஊதிச் சுத்தம் செய்வது இங்கே எல்லோருக்கும் பழக்கம். தரையில் கிடந்த பஞ்சை அது பேப்பருக்கு ஏற்றிவிடும், வாக்குவம் வாங்கு. நம்முடையது வறண்ட சீமை. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால், பேப்பரில் நிலைமின்சாரம் ஏறிப் பஞ்சைக் கூப்பிட்டு இழுக்கும். ஈரமானி ஒன்று சுவரில் தொங்கட்டும். மிஷினுக்கு எர்த் சரியாக இருக்கட்டும்.

8. ஆனி பிறக்குமுன் வெளிவேலையை முடி. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; இந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித்தானே. குழாயின் வெளிவாய் மேற்கே பார்த்திருந்தால், ஃபேன் நின்ற நொடியில் குழாயில் இருந்ததெல்லாம் பேப்பர் மேல் திரும்பி வரும். வாயைக் கூரைக்கு மேலே ஏற்று. தானாக மூடும் தட்டு ஒன்று வை.

9. உன் புகை எங்கே போகிறது என்று பார். சாயத்தண்ணீர் நொய்யலில் கலந்ததால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எத்தனை அடுப்பு அணைந்தது அன்று! சப்ளிமேஷனில் சாயத்தண்ணீர் கிடையாது என்று பெருமைப்படு. ஆனால் எண்ணெய்ப் புகையைப் பக்கத்துத் தோட்டத்து வீட்டு ஜன்னலில் விட்டுவிட்டு அந்தப் பெருமையைப் பேசாதே.

10. குறையை மறைக்காதே. மிளகைப் பயறு என்று பொய் சொன்ன வியாபாரிக்கு மூட்டையெல்லாம் பயறாகவே மாறிய கதையை, நம் குண்டடம் வடுகநாதர் கோயிலில் கேட்டுத்தானே வளர்ந்தாய்? பஞ்சு உன் பேப்பரில் விழுந்திருக்க, "துணியில்தான் குறை" என்று பார்ட்டியிடம் சொன்னால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் சொல்லிச் சொல்லி நீயே அதை நம்பிவிடுவாய். டக்டைத் திறந்து பார்க்கவே மாட்டாய்.

11. துடைக்கிற வேலையை நீயும் செய். எண்ணெயில் ஊறிய பஞ்சு குழாய்க்குள் கிடப்பது, தீக்குச்சிக்குக் காத்திருப்பது போல. வாரம் ஒருநாள் மிஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, பையனோடு நீயும் கை விடு. ஃபில்டர் மாற்றிய தேதியை நோட்டில் எழுது. ஆர்டர் அவசரம் என்று ஒரு வாரம் தள்ளினால், அடுத்த வாரமும் ஓர் அவசரம் வரும். டெலிவரி ஒருநாள் பிந்தினால் பார்ட்டியிடம் போனில் பேசிச் சமாளிக்கலாம், கண்ணு. குழாயில் பிடித்த தீயிடம் பேச முடியாது.