முதலில் அங்குலம், பிறகு பிக்சல்

மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ஃபுல் ஹெச்டி போதுமா, 4கே வேண்டுமா?" என்றுதான். திரை எத்தனை அங்குலம் என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. 22 அங்குலமானாலும் 32 அங்குலமானாலும் ஃபுல் ஹெச்டி திரையில் இருப்பது அதே 1920 × 1080 பிக்சல்தான். திரை பெரிதாகும்போது ஒவ்வொரு பிக்சலும் பருத்துவிடும். ஆகவே பார்க்கவேண்டியது அடர்த்தியை, அதாவது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதை.

24 அங்குல ஃபுல் ஹெச்டியில் இது சுமார் 92. அதே ஃபுல் ஹெச்டி 27 அங்குலத்துக்குப் போனால் 82 ஆகக் குறைகிறது. 27 அங்குலத்தில் 2560 × 1440 (கடைகளில் கியூஹெச்டி அல்லது 2கே என்பார்கள்) இருந்தால் 109. 4கே இருந்தால் 163. நல்ல பார்வை உள்ளவர் 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அடர்த்தி 145ஐ நெருங்கும்போது தனித்தனிப் பிக்சல்கள் கண்ணுக்குப் பிடிபடாமல் போகும்.

தமிழில் படித்து எழுதுகிறவர்களுக்கு இந்த அடர்த்தி இன்னும் முக்கியம். டி, டீ இரண்டையும் பிரிப்பது மேல்விலங்கின் ஒரு சிறு சுழி. மு, மூ விஷயமும் அப்படித்தான். அடர்த்தி குறைந்த திரையில், சிறிய எழுத்தில், அந்தச் சுழி இரண்டு மூன்று பிக்சலுக்குள் நசுங்கிவிடும்; மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிழை திருத்துகிறவர்கள் கழுத்தை முன்னால் நீட்டிப் படிப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். கடைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஒரு தமிழ் ஆவணத்தைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். 100 சதவீத அளவில் திறந்து, வீட்டில் உட்காரும் தொலைவிலிருந்து படித்துப் பாருங்கள். அங்கே ஓடும் விளம்பர வீடியோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும்.

என் பரிந்துரை இது. 24 அங்குலம் என்றால் ஃபுல் ஹெச்டி போதும். 27 அங்குலத்துக்குக் கியூஹெச்டிக்குக் கீழே இறங்க வேண்டாம். விலை குறைவு என்று 27 அங்குல ஃபுல் ஹெச்டியை வாங்கிவிட்டுத் தினமும் எட்டு மணி நேரம் எழுத்தைப் பார்ப்பது கண்ணுக்குச் செய்யும் கொடுமை. பணம் அவ்வளவுதான் என்றால் 24 அங்குலத்தையே எடுங்கள். நாளெல்லாம் எழுத்தோடும் புகைப்படத்தோடும் இருப்பவர்கள் 27 அங்குல 4கேக்குச் செலவழிக்கலாம்.

"4கேயில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதே" என்று பலர் ரெசல்யூஷனையே குறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பழைய டப்பா மானிட்டர்களில் ரெசல்யூஷனை மாற்றினால் பெரிய கேடு இல்லை. இன்றைய எல்சிடி திரையில் பிக்சல் கட்டங்கள் நிலையானவை. 1920 × 1080 திரையை 1280 × 720க்கு இறக்கினால், அகலத்திலும் உயரத்திலும் ஒரு பிக்சலின் வேலையை ஒன்றரைப் பிக்சல் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது; எழுத்தின் ஓரமெல்லாம் மங்கிப்போகும். விண்டோஸில் ரெசல்யூஷனை 'ரெகமெண்டட்' என்று காட்டும் எண்ணிலேயே விட்டுவிட்டு, அதே பக்கத்தில் உள்ள ஸ்கேலை 125 அல்லது 150 சதவீதமாக ஏற்றுங்கள். 27 அங்குல 4கே திரையில் 150 சதவீதம் வைத்தால் கியூஹெச்டியில் கிடைக்கும் அதே இடம் கிடைக்கும், எழுத்து மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கும். மிகப் பழைய சில மென்பொருள்கள் ஸ்கேலை ஏற்றினால் மங்கலாகத் தெரியலாம். கணக்கு எழுதும் மென்பொருள் அப்படி ஏதாவது வைத்திருந்தால் வாங்கும் முன் சோதித்துவிடுங்கள்.

விளையாட்டுப் பிரியர்களுக்குக் கணக்கு வேறு. 4கேயில் ஃபுல் ஹெச்டியைப்போல் நான்கு மடங்கு பிக்சல். அத்தனையையும் ஒவ்வொரு நொடியும் பலமுறை வரைய வலுவான கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். நடுத்தரக் கார்டு என்றால் கியூஹெச்டியே நிறைவு.

கடைசியாக, உங்கள் கம்ப்யூட்டரின் போர்ட். ஹெச்டிஎம்ஐ 1.4 மட்டுமே உள்ள பழைய லேப்டாப் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும்; மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகரும். 60 முறை வேண்டுமானால் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 தேவை. லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், மானிட்டருக்குப் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.