மெல்லிய மடிக்கணினி: நிறையும் குறையும்

ஒரு பொருளை வாங்குவோர் அதன் விலையை மாத்திரம் கருதாது, அவ்விலைக்கு எதைப் பெறுகின்றோம், எதை விடுகின்றோம் என்றும் ஆராய்தல் அறிவுடைமையாம். மாணவர்க்கு இன்றியமையாத கருவியாகிவிட்ட மடிக்கணினிகளுள், நடுத்தர விலையில் கிடைக்கும் மெல்லிய வகையின் நலந்தீங்குகளை இவ்வியாசத்தில் ஒருவாறு ஆராயப் புகுகின்றோம். இலத்தூர் போன்ற ஊர்களில் ஒரு குடும்பம் ஒரு போகத்து நெல்வருவாயைச் சேர்த்து வாங்கித்தரும் கருவி, படிப்பு முடியுமளவும் உழைத்தல் வேண்டும். ஆதலின் இவ்வாராய்ச்சி வீண்பேச்சன்று.

முதற்கண் இதன் வரலாறு. 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், ஒரு காகித உறையினின்று மாக்புக் ஏர் என்னும் கணினியை எடுத்துக்காட்டி உலகை வியப்பித்தார். அதன் எடை 1.36 கிலோகிராம், விலை 1,799 டாலர். அம்மெலிவின் பொருட்டுக் குறுந்தகடு இயக்கியும், கம்பிவழி இணையத் துளையும், எளிதிற் கழற்றத்தக்க பாட்டரியும் துறக்கப்பட்டன, யூ.எஸ்.பி. துளை ஒன்றே எஞ்சிற்று. 2011இல் இன்டெல் நிறுவனம், 20 மில்லிமீட்டருக்குட்பட்ட தடிப்பும் 1,000 டாலருக்குட்பட்ட விலையும் உடைய ‘அல்ட்ராபுக்’ வகையை அறிவித்தது. தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதும், ஸோகோ நிறுவனம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்ததும் அவ்வாண்டிலேயே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி நிறைகளைக் காண்போம். நாடோறும் பேருந்தேறிச் செல்லும் மாணவனின் தோளுக்கு எடைக்குறைவு பெரியதோர் அனுகூலம். எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு யாதும் இல்லாமையால், வழியிடை அதிர்ச்சி அதனை எளிதில் ஊறுபடுத்தாது. மேலும், அக்காலத்துச் சாதாரண மடிக்கணினிச் செயலிகள் 35 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டிருக்க, அல்ட்ராபுக் செயலிகள் 17 வாட் அளவின. மின்சாரம் நின்ற மாலையிலும் படிப்புத் தடைப்படாமைக்கு இச்சிக்கனம் துணைபுரியும்.

நிற்க, குறைகள் யாவை? மெல்லிய உடலில் வெப்பம் வெளியேற வழி சுருங்கும். வெப்பம் மிகின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும். கட்டுரை எழுதுவோர்க்கு இது தோன்றாது. நெடுநேரம் திரைப்படத் தொகுப்புச் செய்வோர்க்கு நன்கு புலப்படும். குற்றாலச் சாரல் வீசும் ஆடியில் விரைந்தோடும் கணினி, சித்திரை வெயிலில் தளர்வதன் காரணமும் இதுவே. மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைப்பது இக்குறையை மிகுவிக்கும். விசைப்பலகையும் மெலிவுக்கு இரையாவதுண்டு: 2015 முதல் ஆப்பிள் கையாண்ட மிக மெல்லிய விசைகள் தூசியாற் சிக்குண்டமையால், 2018இல் அந்நிறுவனம் அவற்றை இலவசமாகப் பழுதுபார்க்க முன்வந்து, பின்னர் அவ்வமைப்பையே கைவிட்டது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. இவ்வகைக் கணினிகள் பலவற்றில் ராம் என்னும் நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருத்தலின், பின்னர் அதனைக் கூட்டுதல் இயலாது.

இங்ஙனமாயின் முடிவு யாது? குறைகளை இருவகையாகப் பிரித்து நோக்குக. துளைக் குறைவுக்கு ஓர் அடாப்டரும், சேமிப்பிடக் குறைவுக்கு ஒரு புறத்தகடும் பின்னர் வாங்கலாம். இவை தீருங் குறைகள். நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவற்றின் குறையோ கருவி உள்ளளவும் உடன்வரும். இவை தீராக் குறைகள். ஆதலின் பணம் போதாதாயின், செயலியில் ஒரு படி இறங்கலாம். நினைவகத்தில் இறங்குதல் ஆகாது. 8 ஜி.பி.யா, 16 ஜி.பி.யா என்னும் வினாவுக்குக் கடையிலேயே விடை காணல் வேண்டும். நான்காண்டு உழைக்கவேண்டிய கருவிக்குப் பின்னதே தக்கது. விசைகளைத் தட்டிப் பார்த்தும், திரையைப் பகலொளியில் நோக்கியும், பாட்டரியை மாற்றித்தருவோர் அண்மையில் உளரா என்று வினவியும் வாங்குக. வீட்டு மேசையைவிட்டு அகலாத கணினிக்கு மெலிவால் வரும் பயன் சிறிதே. அவ்விடத்துத் தடித்ததே மேல்.

மெலிவு அழகுதான், ஆயினும் அது சுமப்பவன் பொருட்டு அமைந்ததேயன்றிக் காண்பவன் பொருட்டன்று. இதனை உணர்ந்து வாங்குவோர் தம் பெற்றோரின் உழைப்புக்கு இழுக்குச் செய்யார்.