இதயம் நின்ற பின் பத்து நிமிடங்கள்

பேருந்து நிலையத்தில் வரிசையில் நிற்கும் ஒருவர் திடீரெனச் சாய்ந்து விழுகிறார். அழைத்தால் பதில் இல்லை. உடனே கூட்டம் கூடுகிறது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். மற்றொருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது. இத்தகைய மரணங்களில் ஒரு பகுதியையேனும் தவிர்க்க இயலும். அதற்கு முதலில் வேண்டியது அருகில் நிற்பவரின் பயிற்சி பெற்ற இரு கைகளே.

மாரடைப்பும் இதய நிறுத்தமும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பொதுவான தவறு. மாரடைப்பின்போது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவுடன் இருப்பார். இதய நிறுத்தத்திலோ இதயம் இரத்தத்தைச் செலுத்தும் பணியையே நிறுத்திவிடுகிறது. சில நொடிகளில் நினைவு தப்புகிறது. மாரடைப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

பலருக்கு இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்குவதே தொடக்க நிலை. அந்நடுக்கத்தை நிறுத்தித் துடிப்பை மீட்க மின்னதிர்ச்சி தேவை. அதுவரை மூளைக்கு ஓரளவு இரத்தம் செல்லச் செய்வதே மார்பை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவி. இவ்விரண்டும் கிடைக்காவிடில், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்திற்கு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. பத்து நிமிடங்களுக்குப் பின் எஞ்சும் நம்பிக்கை மிகச் சிறிது.

செய்ய வேண்டியது என்ன?

மார்பின்மேல் அழுத்தும் இம்முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1960இல் வெளியிட்டனர். இந்தியப் பொதுமக்களுக்கென, வாயோடு வாய் வைத்து ஊதுதலை விடுத்து, அழுத்துதலை மட்டுமே கொண்ட எளிய வழிமுறை 2017இல் வகுக்கப்பட்டது.

விழுந்தவரைத் தோளில் தட்டி அழைக்க வேண்டும். பதிலும் இயல்பான மூச்சும் இல்லையெனில் 108 அல்லது 112 எண்ணுக்குத் தகவல் தர வேண்டும். விட்டுவிட்டு வரும் திணறலை மூச்சென்று எண்ணி ஏமாறலாகாது. அவரைக் கடினமான தரையில் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின்மேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலெழ விட வேண்டும். களைப்பு மேலிடுமுன் மற்றொருவர் பொறுப்பேற்பது நன்று. நீரில் மூழ்கியவர்க்கும் குழந்தைகட்கும் செயற்கை மூச்சும் தேவை என்பதால், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

சுவரில் தொங்கும் கருவி

தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியான ஏ.இ.டி.யை இயக்க மருத்துவர் தேவையில்லை. படத்தில் காட்டியபடி இரு பட்டைகளை வெற்று மார்பில் ஒட்டினால், கருவியே துடிப்பை ஆராய்ந்து குரல் மூலம் ஆணையிடும். அதிர்ச்சி தேவையற்ற நிலையில் அது அதிர்ச்சி தராது. அதிர்ச்சி தந்தவுடன் மீண்டும் அழுத்தத் தொடங்க வேண்டும்.

இதன் பயன் சான்றுடன் நிறுவப்பட்டதே. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் காவலர்க்குப் பயிற்சி அளித்து மேற்கொண்ட ஆய்வு 2000இல் வெளிவந்தது. கீழறை நடுக்கத்துடன் விழுந்தவர்களில் மூன்று நிமிடங்களுக்குள் மின்னதிர்ச்சி பெற்றோரில் 74 சதவீதத்தினரும், அதற்குப் பின் பெற்றோரில் 49 சதவீதத்தினரும் பிழைத்தனர்.

ஆயினும் கருவியை வாங்கி வைப்பதோடு கடமை முடிவதில்லை. பூட்டிய அறையில் உள்ள கருவி, மின்கலம் தீர்ந்த கருவி, பணியாளர் அறியாத மொழியில் பேசும் கருவி ஆகியவை ஆபத்தில் உதவா. வாங்கும் அலுவலகமே பராமரிப்புக்குப் பொறுப்பான ஒருவரை நியமித்தல் வேண்டும்.

சட்டத்தின் துணை

உதவ முன்வருவோரைத் தயங்க வைப்பது வழக்கு பற்றிய அச்சம். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அது வாகன விபத்துகளுக்கு மட்டுமே உரியது. ஒப்புதல் தர இயலாத நிலையில் உள்ளவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் செயலுக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு பொதுவான பாதுகாப்புத் தருகிறது. இதய நிறுத்தத்தில் உதவுவோரையும் வெளிப்படையாகக் குறிப்பிடும் விதி ஒன்று அமையுமாயின் மக்களின் தயக்கம் குறையும்.

பயிற்சியே அடித்தளம்

டென்மார்க் நாடு 2005இல் பள்ளிகளிலும், 2006இல் ஓட்டுநர் உரிமம் பெறுவோர்க்கும் இப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் அருகிலிருந்தோரின் முதலுதவி பெற்றோர் 2001இல் 21 சதவீதம். 2010இல் 45 சதவீதம். முப்பது நாட்களுக்குப் பின்னும் உயிருடன் இருந்தோர் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தனர். மருத்துவச் சிகிச்சையின் முன்னேற்றமும் இதில் பங்கு பெற்றது எனினும், பொதுமக்களின் பங்கு சிறிதன்று.

நம் நாட்டில் 2023 டிசம்பர் 6 அன்று நாடு தழுவிய பயிற்சி நிகழ்ச்சியை மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கிவைத்தது. ஒருநாள் முயற்சி ஆண்டுதோறும் தொடரும் வழக்கமாக வேண்டும். பள்ளியின் உயர் வகுப்புகள், காவலர் பயிற்சி, ரயில்வே மற்றும் போக்குவரத்துப் பணியாளர் பயிற்சி ஆகியவற்றில் இதற்கு இடமளிக்கலாம். அவசர அழைப்பை ஏற்பவர், ஆம்புலன்ஸ் சென்று சேரும்வரை தொலைபேசியிலேயே மார்பை அழுத்தும் முறையைச் சொல்லித் தருதலும், அண்மையில் கருவி உள்ள இடத்தை அறிவித்தலும் வேண்டும்.

ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் முதல் சில நிமிடங்கள் அருகிலிருப்பவர் கையில்தான் உள்ளன. அந்தக் கைகளைப் பழக்குவதும் மக்கள் நல்வாழ்வுத் திட்டத்தின் ஓர் அங்கமே.