வங்கி மதிப்பு குறைந்தால் வீட்டு விலை பேசுவது எப்படி?



ஒரு மூட்டை வெங்காயத்துக்கு ஐந்து வெள்ளி குறைத்துக் கேட்கத் தயங்காத நாம், வீடு வாங்கும்போது மட்டும் சொன்ன விலைக்குத் தலையாட்டி முன்பணம் கொடுத்து விடுகிறோம். பிறகு, "அந்த வீடு அவ்வளவு பெறாது" என்று வங்கி சொல்கிறது. அப்போது நம்மில் பலர் கடை முதலிலிருந்து எடுத்துக் குறையை அடைக்கிறார்கள். வீடு கிடைக்கிறது, கடையில் சரக்கு குறைகிறது. இந்நிலை வராமல் காப்பது எப்படி என்பதே இன்றைய பாடம்.

கணக்கு

மலேசியாவில் முதல் இரண்டு வீடுகளுக்கு வங்கிகள் வழக்கமாக 90 விழுக்காடு வரை கடன் தருகின்றன. மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 2010 நவம்பர் முதல் 70 விழுக்காடே உச்ச வரம்பு. பேசிய விலை, மதிப்பீட்டாளர் எழுதிய மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ, அதைக் கொண்டே இந்த விழுக்காடு கணக்கிடப்படும். பேங்க் இஸ்லாம் 1983-இல் தொடங்கியது. இன்று பல வங்கிகள் ஷரீஅத் முறையில் வீட்டு நிதி தருகின்றன. அங்கும் மதிப்பே அளவுகோல்.

பேசிய விலை 500,000 வெள்ளி என்று கொள்வோம். மதிப்பும் அதுவே ஆனால் வங்கி தருவது 450,000. நம் கைப்பணம் 50,000. மதிப்பு 460,000 என்று வந்தாலோ வங்கி தருவது 414,000 மட்டுமே. கைப்பணம் 86,000 ஆகிவிடும். கூடுதலாகத் தேவைப்படும் 36,000 வெள்ளி பெரும்பாலும் கடைக் கல்லாவிலிருந்துதான் வரும்.

இன்னொன்றையும் அறிக. வங்கி குறைந்த தொகையைப் பார்க்கிறது. முத்திரைத் தீர்வைக்கோ விலை, மார்க்கெட் மதிப்பு இரண்டில் கூடியதே கணக்கு. ஆகவே அதிக விலை கொடுப்பவருக்கு இரு பக்கமும் நஷ்டம்.

மதிப்பு ஏன் குறைகிறது?

மதிப்பீட்டாளர் அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற அதே மாதிரி வீடுகளின் விலையை ஒப்பிடுகிறார். நிலத்தின் அளவு, குத்தகை நிலமானால் மீதமுள்ள ஆண்டுகள், கட்டடத்தின் நிலை ஆகியவற்றையும் பார்க்கிறார். நகராண்மையின் அனுமதியின்றி இழுத்துக் கட்டிய அடுக்களையைப் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. விற்பவரோ அதற்குச் செலவழித்த பணத்தையும் விலையில் சேர்த்திருப்பார்.

எப்போது பேசுவது?

முன்பணம் கொடுக்குமுன் பேசுவதே சிறந்தது. இரண்டு மூன்று வங்கிகளிடம் உத்தேச மதிப்பைக் கேளுங்கள். வங்கிக்கு வங்கி மதிப்பீட்டாளர் வேறு. தேசியச் சொத்துத் தகவல் மையம் வெளியிடும் விற்பனை விவரங்களையும் பாருங்கள். முன்பணக் கடிதத்தில், "வங்கி மதிப்பு இன்ன தொகைக்குக் குறைந்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும்" என்ற வாசகத்தை வக்கீல் மூலம் எழுதி வாங்குங்கள். பழைய வீடுகளில் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10 விழுக்காட்டை நிறைவு செய்வதே வழக்கம். கையெழுத்திட்ட பின் பின்வாங்கினால் பெரும்பாலும் அந்த 10 விழுக்காடும் போய்விடும்.

எப்படிப் பேசுவது?

முதலாவது, மதிப்பு தவறு என்று தோன்றினால், அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தையும் பக்கத்து வீடுகள் விற்ற விலைகளையும் வங்கியிடம் கொடுத்து மறுபரிசீலனை கேளுங்கள். அல்லது வேறு வங்கியை நாடுங்கள்.

இரண்டாவது, வங்கி எழுதித் தந்ததை விற்பவரிடம் காட்டுங்கள். "அண்ணே, விலையைக் குறைப்பதற்காக நான் சொல்லவில்லை, இந்தக் காகிதத்தைப் பாருங்கள். வங்கிக் கடனில் வாங்க வருகிற வேறொருவருக்கும் இதே தடங்கல் வரலாம்," என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலோர் யோசிப்பார்கள். ரொக்கமாக வாங்க ஒருவர் காத்திருந்தால் இந்தப் பேச்சுக்கு வலுவில்லை என்பதையும் அறிந்திருங்கள்.

மூன்றாவது, விற்பவருக்கு அந்த வீட்டின்மேல் எவ்வளவு கடன் பாக்கி என்று விசாரியுங்கள். 470,000 பாக்கி வைத்திருப்பவர் 460,000-க்கு எப்படி இறங்குவார்? அவர் தாங்கக்கூடிய எல்லையை அறிந்து பேசுவதே நியாயமான பேச்சு. குறையை இருவரும் பாதிப் பாதியாக ஏற்பது ஒரு வழி. மேற்சொன்ன வீட்டை 480,000-க்கு முடித்தால் கைப்பணம் 66,000 ஆகும்.

நான்காவது, பேச உட்காருமுன், கடை முதலைத் தொடாமல் எவ்வளவு தர முடியும் என்று வீட்டாருடன் கலந்து ஒரு தொகையை எழுதி வையுங்கள். அதைத் தாண்டினால் ஸலாம் சொல்லி எழுந்து வாருங்கள்.

செய்யலாகாதவை

வங்கி 460,000 என்று எழுதியிருக்க, விற்பவரிடம் 440,000 என்று சொல்லி விலையை இறக்குவது பொய். இருவரும் கூடி ஒப்பந்தத்தில் விலையை ஏற்றி எழுதி வங்கியிடம் அதிகக் கடன் வாங்குவது மோசடி, சட்டத்தின்படியும் குற்றம். அளவில் மோசம் செய்வோரை எச்சரிக்கும் முதஃப்பிஃபீன் சூரா தராசுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். விலை பேசும் நாவும் ஒரு தராசே.

பயிற்சி

விலை 650,000. வங்கி மதிப்பு 600,000. கடன் 90 விழுக்காடு. கைப்பணம் எவ்வளவு? பிள்ளைகளையும் உட்கார வைத்துப் போட்டுப் பாருங்கள். (விடை: 110,000 வெள்ளி.)

நாம் குடியிருக்கும் வீட்டிலும், நம்மை வாழவைக்கும் கடையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.