சுமேரியச் சொற்கள் கடன் சொற்களா?

எங்கள் வரலாற்று மன்றத்தில் இவ்வாண்டு நடந்த சொற்போட்டியில் எனக்கு முதற்பரிசு கிடைத்தது. பரிசாக வந்த பேனாவை இன்னும் நான் எடுத்து எழுதவில்லை. நான் வென்ற வாதம் தவறான வாதம் என்பது போட்டி முடிந்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஆகவே, அன்று மேடையில் நான் முழங்கியதையும், எதிர்க்கட்சித் தோழியர் அதற்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியையும் நானே இங்கு எழுதிவிடுகிறேன்.

போட்டியின் தலைப்பு, "சுமேரிய மொழியின் சொற்கள் செமித்திய மொழிகளிலிருந்து பிறந்தவையே" என்பது. யார் எந்தப் பக்கம் என்று சீட்டெடுத்தோம். "பிறந்தவையே" என்ற பக்கம் எனக்கு வந்தது.

சுமேரியர் யார் என்பது தோழியருக்கு நினைவிருக்கும். இன்றைய ஈராக் நாட்டின் தென்பகுதியில், யூப்ரட்டீஸ், டைகிரிஸ் ஆறுகள் கடலை நெருங்கும் சமவெளியில் வாழ்ந்தவர்கள். ஆபிரகாம் புறப்பட்டதாக ஆதியாகமம் கூறும் ஊர் என்னும் நகரம் அவர்களுடையதே. ஈரக் களிமண் பலகையில் நாணற்குச்சியால் அழுத்தி அவர்கள் எழுதிய ஆப்பு வடிவ எழுத்து, உலகின் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று. அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்களைப் போல வாழ்ந்தவர்கள் அக்காடியர். அக்காடியர் மொழி செமித்திய இனத்தைச் சேர்ந்தது. எபிரேயம், நம் ஆண்டவர் பேசிய அரமேயம், அரபு ஆகியவை அதன் உறவு மொழிகள். சுமேரியம் ஏறக்குறைய கி.மு. 2000-ஐ ஒட்டிய காலத்தில் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. ஆயினும் கோயில்களிலும் எழுத்துப் பள்ளிகளிலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. நம் திருச்சபையில் இலத்தீன் வாழ்ந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது என் கட்சியின் தலைவரை அறிமுகம் செய்கிறேன். அவர் பெயர் யோசேப்பு ஹாலேவி. 1827-இல் துருக்கிப் பேரரசின் அட்ரியானோபிள் நகரில் பிறந்த யூதர். பிறகு பாரிஸில் பேராசிரியராக இருந்தவர். துணிச்சல்காரர். 1869-70-இல், பிச்சை சேகரிக்கும் எருசலேம் ரபியைப் போல வேடமிட்டு யேமன் நாட்டுக்குள் புகுந்து, 686 கல்வெட்டுகளைப் படியெடுத்து வந்தார்! (சொற்போட்டியில் இதைச் சொன்னபோது எழுந்த கைத்தட்டலில் பாதி எனக்கல்ல, அவருக்கே உரியது.)

அதற்குச் சற்று முன்புதான், 1869 சனவரியில், யூலியஸ் ஒப்பெர்ட் என்ற அறிஞர் ஆப்பு எழுத்தின் பழைய மொழிக்குச் "சுமேரியம்" என்று பெயர் சூட்டியிருந்தார். பழைய மன்னர்கள் தம்மைச் "சுமேருக்கும் அக்காடுக்கும் அரசன்" என்று சொல்லிக்கொண்டதிலிருந்து எடுத்த பெயர் அது. 1874-இல் ஹாலேவி ஒரு குண்டைப் போட்டார். சுமேரியம் என்று ஒரு மொழியே இல்லை. சுமேரியர் என்று ஒரு மக்களும் இல்லை. பாபிலோனியக் குருமார் தங்கள் செமித்திய மொழியை மறைத்து எழுதக் கண்டுபிடித்த இரகசிய எழுத்து முறையே அது என்றார். 1917-இல் இறக்கும்வரை அவர் இதை விடவில்லை. டெலிட்சு என்ற பெரிய ஜெர்மானிய அறிஞர்கூடச் சில காலம் அவர் பக்கம் சாய்ந்தார்.

மேடையில் நான் வைத்த வாதங்கள் மூன்று. ஒன்று: சுமேரியர் இவ்வளவு பெரிய மக்களாக இருந்திருந்தால், பாபிலோனைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ் அவர்கள் பெயரைக்கூடச் சொல்லாதது ஏன்? இரண்டு: ஆப்பு எழுத்தின் ஒலிகளில் சில செமித்தியச் சொற்களிலிருந்து வந்தவை. தலையைக் குறிக்கும் எழுத்துக்கு "ரிஷ்" என்ற ஒலியும் உண்டு. அக்காடியத்தில் தலை "ரேஷு" அன்றோ! மூன்று: அக்காடிய மன்னன் சார்கோனின் மகள் என்ஹேதுவன்னா, ஊர் நகரில் சந்திரக் கடவுளின் தலைமைக் குருவாக இருந்தவள். அவள் பெயரால் வழங்கும் பாடல்கள் சுமேரியத்தில் இருக்கின்றன. செமித்தியப் பெண் வேற்று மக்களின் மொழியிலா பாடுவாள்? இந்த மூன்றாவது வாதத்துக்கு எதிர்க்கட்சியில் பதிலே வரவில்லை. மணி அடித்தது. நான் வென்றேன்.

மறுநாள் எங்கள் வரலாற்று சிஸ்டர் என்னை அழைத்தார்கள். பாராட்டத்தான் போகிறார்கள் என்று எண்ணிச் சென்றேன். "நன்றாகப் பேசினாய். ஒரு கேள்வி. ஆட்டுக் கணக்கை யாராவது இரகசிய மொழியில் எழுதுவார்களா?" என்று கேட்டுவிட்டு, நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்களைக் கையில் கொடுத்தார்கள்.

அன்றுதான் படித்தேன். 1877-இல் தெல்லோ என்ற இடத்தில் சார்செக் என்ற பிரெஞ்சுக்காரர் அகழத் தொடங்கினார். கூதேயா என்ற ஆட்சியாளனின் கற்சிலைகளும், கோயில் கட்டிய வரலாற்றை விரிவாகக் கூறும் இரண்டு பெரிய களிமண் உருளைகளும் கிடைத்தன. அவை முழுக்க முழுக்கச் சுமேரியம். பிறகு வந்தவையோ ஆயிரமாயிரம் கணக்கு ஏடுகள்! இத்தனை ஆடு வந்தது, இத்தனை படி பார்லி கூலி கொடுத்தது, இத்தனை கட்டு நாணல் என்று. குருமார் தம் மந்திரத்தை மறைக்கலாம். கிடாயையும் பார்லியையும் யாரிடமிருந்து மறைப்பது?

என் "ரிஷ்" வாதமும் அதே இரவில் வீழ்ந்தது. தலையின் எழுத்துக்கு "ரிஷ்" என்ற ஒலி உண்டு என்றேனே, அதே எழுத்துக்கு "சக்" என்ற ஒலியும் உண்டு; சுமேரியத்தில் தலை "சக்". செமித்தியர் எழுத்தை வாங்கிய பின் தங்கள் ஒலியையும் சேர்த்துக்கொண்டனர் என்பதே பொருந்தும். மேலும், 1850-களிலேயே அயர்லாந்து நாட்டுப் போதகரான எட்வர்டு ஹிங்க்ஸ் ஒன்றைக் கவனித்திருந்தார். செமித்திய மொழிகளில் அழுத்தி ஒலிக்கும் மெய்களும் தொண்டையில் பிறக்கும் மெய்களும் உண்டு. ஆப்பு எழுத்தோ அவற்றைச் சரியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. சட்டை தனக்கென்றே தைக்கப்பட்டிருந்தால் இப்படித் தொளதொளவென்று இருக்குமா? இது நமக்குப் புதிதல்ல. "கங்கை"யில் வரும் இரு ககரங்களுக்கும் நாம் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறோம். வடமொழியை எழுத வேண்டி வந்தபோது ஜ, ஷ, ஸ, ஹ என்று வேறு எழுத்துகள் தேவைப்பட்டன.

என்ஹேதுவன்னாவைப் பற்றி நான் வெட்கப்பட வேண்டியதாயிற்று. நம் மடத்துச் சகோதரிகள் "சால்வே ரெஜினா" பாடுவதைத் தினமும் கேட்கும் நான், தாய்மொழி அல்லாத மொழியில் யாராவது பாடுவார்களா என்று கேட்டேனே!

ஆனால், மொழிகளின் உறவைத் தீர்மானிப்பது எழுத்தும் அல்ல, பாட்டும் அல்ல. சொற்களும் அவை கட்டப்படும் விதமும்தான். கன்னடத்தோடு தமிழை ஒப்பிட்டுப் பாருங்கள். பால் "ஹாலு", பல் "ஹல்லு", பாம்பு "ஹாவு". நம் பகரம் நிற்கும் இடத்தில் அவர்களுக்கு ஹகரம். இப்படி ஒழுங்காக வரவேண்டும், அதுதான் உறவு. செமித்திய மொழிகளுக்குள் இந்த ஒழுங்கு உண்டு. வீடு அக்காடியத்தில் "பீத்து", எபிரேயத்தில் "பெத்". பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று நாம் படித்திருக்கிறோம். கடவுள் அக்காடியத்தில் "இலு". இம்மானுவேல் என்ற திருப்பெயரின் முடிவில் நிற்கும் "ஏல்" அதுவே. சுமேரியத்துக்கு வாருங்கள். வீடு "ஏ". கடவுள் "திங்கிர்". கை "ஷு", அக்காடியத்தில் "காத்து". அரசன் "லூகல்", அக்காடியத்தில் "ஷர்ரு". எட்டிப் பார்க்கக்கூட ஒற்றுமை இல்லை. தாய் மட்டும் "அமா", "உம்மு" என்று கிட்ட வருகிறாள். ஆனால் எந்த நாட்டுக் குழந்தையும் அப்படித்தானே அழைக்கிறது!

எண்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. சுமேரியத்தில் ஐந்து "இயா", இரண்டு "மின்", ஏழு "இமின்". அதாவது ஐந்தும் இரண்டும். நான்கு "லிம்மு", ஒன்பது "இலிம்மு". ஒரு கையை மடக்கிவிட்டு அடுத்த கையில் எண்ணிய மக்களை இதில் காணலாம். அக்காடிய எண்களில் இந்தக் கணக்கே கிடையாது.

கட்டும் விதமும் வேறு. செமித்தியச் சொல்லுக்கு மூன்று மெய்கள் எலும்பு. உயிர்கள் மாறி மாறிச் சதையாகும். சலாம், இஸ்லாம், முஸ்லிம் மூன்றிலும் ஸ-ல-ம நிற்பதைப் பாருங்கள். சுமேரியமோ வேரை மாற்றாமல் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். "லூகல்-ஏனே-ர" என்றால் அரசர்-கள்-உக்கு. நம் தமிழைப் போலவே!

உடனே என் தோழி ஒருத்தி, "அப்படியானால் சுமேரியம் தமிழ்தானே? ஊர் என்றுகூடப் பெயர் இருக்கிறதே!" என்று துள்ளினாள். நம்மவரிலும் சிலர் அப்படி எழுதியிருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நகரத்தைச் சுமேரியர் அழைத்த பெயர் "உரிம்". நகரம் என்ற பொருளில் "உரு" அல்லது "இரி" என்று வேறொரு சொல் உண்டு. அது நம் ஊரைப் போல ஒலிப்பது உண்மை. ஒட்டிக் கட்டும் மொழிகளோ உலகில் பல, துருக்கியும் அப்படியே. பால், ஹாலு போன்ற ஒழுங்கு கிடைக்காதவரை ஒற்றைச் சொல் உறவாகாது. ஹாலேவிக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதியா?

இனி, என் கட்சியில் இருந்த உண்மை. சுமேரியத்தில் செமித்தியச் சொற்கள் இல்லாமல் இல்லை. வணிகனுக்குத் "தம்கார்", போருக்குத் "தம்ஹார", நலம் என்பதற்குச் "சிலிம்". இந்தச் சிலிம் நாம் மேலே கண்ட சலாமின் உறவே. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று எப்படி அறிவது? சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த மொழியில் பிரிகிறதோ அது பிறந்த வீடு. "கட்டுமரம்" ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. ஆங்கிலேயரால் அதைக் கட்டாகவும் மரமாகவும் பிரிக்க முடியுமா? அவ்வாறே தம்கார் சுமேரியத்தில் பிரியாது; அக்காடியத்தில் "மகாரு", அதாவது வாணிபம் செய் என்ற வேர் அதற்கு உண்டு. மறுபக்கம் பாருங்கள். சுமேரியத்தில் "ஏ" வீடு, "கல்" பெரிய. "ஏகல்" என்றால் பெரிய வீடு, அரண்மனை. அக்காடியர் அதை "ஏகல்லு" ஆக்கினர். அது எபிரேயத்தில் "ஹேகால்" ஆகி, சாலமோன் கட்டிய ஆலயத்தையே குறித்தது! "துப்" களிமண் ஏடு, "சர்" எழுது, "துப்சர்" எழுத்தன். "மா" படகு, "லஹ்" செலுத்து, "மாலஹ்" படகோட்டி. யோனாசைக் கடலில் எறிந்த மாலுமிகளை எபிரேய விவிலியம் இந்தச் சொல்லால்தான் அழைக்கிறது.

ஆக, இருவரும் கொடுத்தனர், இருவரும் வாங்கினர். நாம் சாவி, ஜன்னல், மேசை, பாதிரி என்ற சொற்களைப் போர்த்துக்கீசியரிடம் வாங்கினோம். அதனால் தமிழ் போர்த்துக்கீசியத்தில் பிறந்தது என்று யாரேனும் சொன்னால் தமிழம்மா சும்மா விடுவார்களா?

ஹாலேவியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. அவர் காலத்து ஐரோப்பாவில், செமித்தியருக்குப் புதிதாக எதையும் படைக்கும் அறிவு கிடையாது என்று அறிஞர்களே எழுதினார்கள். எழுத்தையும் நாகரிகத்தையும் வேறு யாரோதான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இனித்தது. யூதரான ஹாலேவிக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவர் சுமேரியத்தை மறுத்தது தவறு. அந்த இகழ்ச்சியை மறுத்தது தவறல்ல. எதிர்த்தரப்பார் சுமேரியத்தைப் பற்றிச் சொன்னது சரி. செமித்தியரைப் பற்றிச் சொன்னது பொய். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அன்று மேடையில் ஐந்து நிமிடம் போதவில்லை. எனக்கு அறிவும் போதவில்லை. பின்னாளில் டெலிட்சு மனம் மாறி, 1914-இல் சுமேரிய இலக்கணமே எழுதினார். சுமேரியத்துக்குப் பெரிய அகராதி தொகுத்தவர்களுள் ஒருவர் உரோமை விவிலியக் கழகத்தைச் சேர்ந்த இயேசு சபைக் குரு அன்டன் தைமெல்.

கடைசியாக, மறைக்கல்வி வகுப்பில் ஒரு தங்கை கேட்ட கேள்வி. "இவர் தச்சர் மகன் அல்லவா?" என்று நாசரேத்து மக்கள் கேட்டார்களே, அந்தத் "தச்சர்" ஆண்டவரின் மொழியில் என்ன? சிரியாக் நற்செய்தியில் அது "நக்காரா". அது அக்காடிய "நக்காரு"விலிருந்து வந்தது. அக்காடியர் சுமேரிய "நகர்" என்பதிலிருந்து எடுத்தனர். (இது நம் நகரம் அல்ல, நம் எழுத்தில் வேறுபாடு தெரியவில்லை, அவ்வளவுதான்.) ஆனால் "நகர்" சுமேரியத்திலும் பிரிவதில்லை! லாண்ட்ஸ்பெர்கர் என்ற அறிஞர் 1940-களில், தச்சன், உழவன், கொல்லன் போன்ற தொழிற்பெயர்கள் சுமேரியருக்கும் முன்னால் அங்கே வாழ்ந்த, பெயர் தெரியாத மக்களின் சொற்கள் என்றார். இன்றைய அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை.

எப்படியானாலும், புனித சூசையப்பரின் தொழிலுக்குச் செமித்திய மொழியில் இருந்த பெயர் சுமேரியரிடம் வாங்கியது. எதிர்க்கட்சியில் ஒருத்தி அன்று இந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அந்தப் பேனா என்னிடம் வந்திருக்காது.